புல்லு வெட்டும் மெசினும் விழாத ட்ரிப் சுவிச்சும்

கேள்வி: மல்லாவியில் இருந்து எழுதுகிறேன். லண்டனில் இருக்கும் என் அண்ணா போன வருடம் சாமான் அனுப்பியபோது கரண்டில் ஓடும் புல்லு வெட்டும் மெசின் ஒன்றையும் சேர்த்து அனுப்பினார். மாரி தொடங்கினால் எங்கள் வளவில் புல் முழங்கால் அளவுக்கு வந்துவிடும். புடையன் பாம்புக்குப் பயந்து மகன்தான் வெட்டுகிறார், 19 வயது. மெசினின் வயர் எட்டாததால் குசினிப் பிளக்கில் இருந்து 30 மீற்றர் வயர் இழுத்து, இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டு ரேப் (வயருக்குச் சுற்றும் ஒட்டு நாடா) சுற்றியிருக்கிறார். இரண்டு கிழமைக்கு முன், மழை விட்ட கையோடு வெட்டும்போது மெசின் வயருக்கு மேல் ஏறிவிட்டது. பட்டென்று நெருப்புப் பறந்து மெசின் நின்றது. மகன் அறுந்த வயரைத் தூக்கி எனக்குக் காட்டினார். அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை, கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பை அறுக்கும் ட்ரிப் சுவிச்சும் விழவில்லை. முன்பெல்லாம் மழை பெய்தால் அது அடிக்கடி விழும். ஒருவர் வந்து சரிசெய்து தந்த பிறகு விழுவதே இல்லை. அறுந்த இடத்தை ஒட்டிவிட்டு மறுபடி வெட்டலாம் என்கிறார் மகன். மெசினைத் தூக்கி எறி என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? வேறு மெசின் அனுப்பட்டுமா என்று அண்ணாவும் கேட்கிறார்.

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நீங்கள் கேட்டது மெசினைப் பற்றி. அதற்கும் வருகிறேன். ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "ஒருவர் வந்து சரிசெய்து தந்த பிறகு விழுவதே இல்லை" என்று, அந்த வரிதான் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. கிளிநொச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் வயரிங் வேலை செய்து வரும் எனக்கு அந்த வரியின் அர்த்தம் நன்றாகத் தெரியும்.

மிச்சத்தை வாசிக்கும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். முதலாவது, அந்த ஒட்டு வயரைச் சுவரில் இருந்து கழற்றி, அதன் பிளக்கை வெட்டி எடுத்துவிடுங்கள். வயரைச் சுருட்டி மூலையில் வைத்தால் அடுத்த கிழமை யாராவது எடுத்துச் செருகுவார்கள். பிளக் இல்லாவிட்டால் செருக முடியாது.

இரண்டாவது, ட்ரிப் சுவிச்சைச் சோதியுங்கள். பகல் நேரத்தில், வீட்டில் ஒரு விளக்கையும் ஒரு காற்றாடியையும் போட்டுவிடுங்கள். குசினிப் பிளக்கில், அதுதான் மெசினுக்கு வயர் இழுத்த பிளக், ஒரு மேசை விளக்கைச் செருகி எரியவிடுங்கள். பிறகு மெயின் பெட்டியைத் திறந்து ட்ரிப் சுவிச்சைப் பாருங்கள். அதில் ரி (T) என்ற ஆங்கில எழுத்துப் போட்ட சின்னப் பட்டன் ஒன்று இருக்கும். அதை ஒரு தரம் அழுத்துங்கள். டக்கென்று நெம்பு கீழே விழ வேண்டும், வீட்டில் எல்லாமே அணைய வேண்டும்.

நெம்பு விழவே இல்லையென்றால் சுவிச் பழுது. நெம்பு விழுந்தும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், அது தனியே பெட்டிக்குள் இருக்கிறது, வீட்டுக்கான கரண்ட் அதைச் சுற்றி வேறு வழியாகப் போகிறது. மற்றதெல்லாம் அணைந்து குசினி விளக்கு மட்டும் எரிந்தால், அந்த ஒரு லைனை மட்டும் வெளியே எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இந்த மூன்றில் எது நடந்தாலும் மெசினை மட்டுமல்ல, கிணற்று மோட்டாரைக்கூடச் சுவிச் போட வேண்டாம். தகுதியுள்ள ஒரு மின்னியலாளரைக் கூப்பிடுங்கள். பெட்டிக்குள் மகனைக் கைவைக்க விடாதீர்கள். ட்ரிப் சுவிச் விழுந்து கிடந்தாலும் அதற்கு மேலே வரும் வயரில் கரண்ட் இருக்கும்.

இனி, ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று சொல்கிறேன்.

மெசினுக்குக் கரண்ட் ஒரு கம்பியால் போய் மற்றக் கம்பியால் திரும்பி வருகிறது. போனதும் வந்ததும் சமமாக இருக்க வேண்டும். ட்ரிப் சுவிச் செய்வது அந்தக் கணக்குப் பார்க்கும் வேலைதான். போனதில் 30 மில்லி அம்பியர் அளவு திரும்பி வரவில்லையென்றால், அது வேறு எங்கோ, ஒருவேளை ஒருவரின் உடம்பு வழியாக, மண்ணுக்குள் போகிறது என்று எடுத்துக்கொண்டு கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பை அறுத்துவிடும். பக்கத்தில் வரிசையாக இருக்கும் சின்னச் சுவிச்சுகளுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. அவை 16 அல்லது 20 அம்பியருக்கு மேல் போனால்தான் விழும். 16 அம்பியர் என்றால் 16,000 மில்லி அம்பியர். மனிதருக்கு 10 மில்லி அம்பியர் அளவிலேயே கை இறுகிப் பிடித்ததை விட முடியாமல் போகலாம். 30ஐத் தாண்டினால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. நனைந்த உடம்போடு ஈர மண்ணில் நிற்பவர் 230 வோல்ட்டைத் தொட்டால் 200 மில்லி அம்பியருக்கு மேலும் பாயலாம். அந்த ஆள் துடித்துக்கொண்டிருக்கும்போது 16 அம்பியர் சுவிச் பேசாமல் நிற்கும். அதைப் பொறுத்தவரை அது ஒரு சின்ன பல்ப் எரிகிற அளவுதான்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். மெசின் வயரை அறுத்த அந்த நேரத்தில் ட்ரிப் சுவிச் விழாதது மட்டும் அது பழுது என்பதற்குச் சாட்சி அல்ல. வெட்டும் அலகு இரண்டு கம்பியையும் ஒன்றாகக் கடித்தால் கரண்ட் ஒரு கம்பியில் இருந்து மற்றதற்கே போகிறது, மண்ணுக்குப் போகவில்லை. அப்போது பியூஸ் போகலாம், சின்னச் சுவிச் விழலாம், சில நேரம் அதுவும் நடக்காமல் கம்பி அறுந்து விலகிவிடும். உங்கள் வீட்டில் நடந்தது கடைசிச் சங்கதி என்றுதான் தெரிகிறது. அப்படியென்றால் மெசின் பக்கத்து வயர் செத்துவிட்டது, ஆனால் வீட்டுப் பக்கத்து வயரின் நுனி 230 வோல்ட்டோடு ஈரப் புல்லில் கிடந்தது. மெசின் நின்றால் கரண்ட் நின்றுவிட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள். உங்கள் மகன் தூக்கிக் காட்டியது அந்த நுனியைத்தான். அவர் விரல் பட்டது உறையில். செம்பு அதற்கு ஓர் அங்குலம் தள்ளி இருந்திருக்கும். றப்பர் செருப்பு காப்பாற்றியது என்று நினைக்க வேண்டாம். நனைந்த செருப்பின் விளிம்பால் தண்ணீரும் சேறும் காலைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும்.

"சரிசெய்து" தருவதைப் பற்றி நான் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒரு வீட்டில் அதைச் செய்திருக்கிறேன். மழைக்கு மழை விழுகிறது, பிள்ளைகள் இருட்டில் படிக்க முடியவில்லை, ஏதாவது செய் தம்பி என்று அந்த வீட்டு ஐயா கேட்டார். கசிவு எங்கே என்று தேடப் பாதி நாள் போகும். ட்ரிப் சுவிச்சைத் தவிர்த்துக் கரண்டை வேறு வழியாகச் சுற்றிக் கொடுக்கப் பத்து நிமிடம். பத்து நிமிட வேலையைச் செய்துவிட்டு வந்தேன். அடுத்த மாரியில் அவர்களின் பசு கிணற்றடியில் செத்துக் கிடந்தது. மோட்டாரின் உடம்புக்குக் கரண்ட் வந்து, கிணற்றுக் கட்டும் சுற்றியிருந்த சேறும் எல்லாம் கரண்ட். நான் போனபோது அந்த வீட்டு அம்மா பசுவைப் பார்க்கவில்லை. கிணற்றுக் கட்டில் கிடந்த சின்னச் சோடிச் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளை சற்று முன்தான் அங்கே கால் கழுவிவிட்டு வீட்டுக்குள் போயிருக்கிறது. அன்றைக்கு அந்த இணைப்பைத் திருத்திவிட்டு வந்தவன், அதற்குப் பிறகு எவர் கேட்டும் ட்ரிப் சுவிச்சைச் சுற்றிக் கொடுத்ததில்லை.

மழைக்கு விழுகிறது என்றால் அது வேலை செய்கிறது. எங்கோ ஈரத்தில் கரண்ட் கசிகிறது என்று உங்களுக்குச் சொல்கிறது. எங்கள் பக்கத்து வீடுகளில் நான் திரும்பத் திரும்பக் காண்பது மூன்று இடம்: முற்றத்து விளக்கின் ஹோல்டர், கிணற்று மோட்டார், கூரைக்குள் அணில் கடித்த வயர். மெகர் என்ற கருவியால் ஒவ்வொரு லைனாகச் சோதித்தால் கசிவு எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம். வருபவரிடம் மெகர் இருக்கிறதா என்று முதலே கேளுங்கள். இல்லாதவர் மறுபடியும் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போகக்கூடும்.

எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் வீடுகளுக்கு எர்த்தை லைனோடு தருவதில்லை, வளவுக்குள் நாமே கம்பி அடித்துக்கொள்கிறோம். வன்னி மண் மாரியில் நன்றாக நனைந்திருக்கும்போது அந்தக் கம்பி ஒழுங்காக வேலை செய்யும். ஆவணியில் மண் காய்ந்து வெடிக்கும்போது தடை ஏறிவிடும். 100 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் உடம்புக்கு 230 வோல்ட் வந்தால் எர்த் வழியாக 2.3 அம்பியர்தான் போகும். 16 அம்பியர் சுவிச் அசையாது. ஆனால் ட்ரிப் சுவிச்சுக்கு அதில் ஒரு சின்னப் பங்கே போதும். எர்த் இருக்கிறது, ட்ரிப் சுவிச் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வது.

போர்க் காலத்தில் வருடக்கணக்காக வன்னியில் லைன் கரண்ட் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். டைனமோ வயரை எப்படி முறுக்கினாலும் ஒருவரும் சாகவில்லை. வெறும் கையால் முறுக்கி ரேப் சுற்றுவது எங்கள் விரல்களுக்கு அப்படிப் பழகியது. அப்பாவிடம் பார்த்ததைத்தான் மகனும் செய்கிறார். அவரில் கோபப்படாதீர்கள், பக்கத்தில் இருத்தி இதை வாசித்துக் காட்டுங்கள்.

சரி, இனி வயர். அறுந்ததை ஒட்ட வேண்டாம். ரேப் சுற்றிய ஒட்டு, காய்ந்த சீமெந்துத் தரையில்கூட நம்பத்தக்கதல்ல. புல்லுக்குள் இழுபட்டு, வெயிலில் பசை உருகி, பனியில் நனைந்தால் அது உறையே இல்லாத வயர் மாதிரித்தான். மெசினின் சொந்த வயரில் வெட்டு இருந்தால் அந்த வயரை முழுதாக மாற்ற வேண்டும். நீட்டும் வயராக, 1.5 சதுர மில்லிமீற்றர் பருமனில், மூன்று கம்பி உள்ள, வெளிப் பாவனைக்கான றப்பர் உறை போட்ட வயர் ஒரே துண்டாக வாங்குங்கள். நிறம் செம்மஞ்சள் என்றால் நல்லது, புல்லுக்குள் தெரியும். பச்சையும் கறுப்பும் வேண்டாம்.

கடையில் 0.75 வயர் மலிவாகக் கிடைக்கும், அதுவும் எரியும்தானே என்பார்கள். இந்த மாதிரி மெசின் 1,400 வாட் என்று வையுங்கள், சுமார் 6 அம்பியர் இழுக்கும். 30 மீற்றர் 0.75 வயரில் அதனால் 50 வாட்டுக்கு மேல் சூடாகவே போய்விடும். நீட்டிக் கிடக்கும் வயரில் அந்தச் சூடு காற்றோடு போகும். சுருளாக வைத்துக்கொண்டு தேவையான அளவை மட்டும் இழுத்தால், சுருளின் நடுவில் ஒரு 50 வாட் பல்ப்பை வைத்து மூடியது போலாகிவிடும். உறை உருகி ஒன்றோடொன்று ஒட்டிய சுருள்களை நான் கையால் பிரித்துப் பார்த்திருக்கிறேன், பலகாரம் மாதிரிப் பாளம் பாளமாக வரும். எந்த வயராக இருந்தாலும் சுருளை முழுதாக அவிழ்த்துவிட்டுத்தான் மெசினைப் போட வேண்டும். அதோடு, லைனின் கடைசியில் இருக்கும் ஊர்களில் பின்னேரத்தில் வோல்ட் ஏற்கெனவே குறைவு. மெல்லிய வயர் இன்னும் ஒன்பது பத்து வோல்ட்டைத் தின்றால் மோட்டார் திணறிச் சூடாகும்.

நீட்டும் வயரும் மெசின் வயரும் சந்திக்கும் இடத்தில், துளை உள்ள பக்கம் எப்போதும் வீட்டில் இருந்து வரும் வயரில் இருக்க வேண்டும், முள் உள்ள பக்கம் மெசினில். மாறிப் போட்டால் இணைப்பு கழன்ற நேரத்தில் கரண்ட் உள்ள முள்ளு கையில் வரும். இதை மாறிப் போட்ட வீடுகளைக் கண்டிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். பியூஸ் போனால் அதே அளவுப் பியூஸ் வாங்குங்கள், வெள்ளித்தாள் சுற்ற வேண்டாம்.

குசினி யன்னலால் வயர் இழுப்பதையும் விடுங்கள். யன்னல் கதவு வயரை நசுக்கும். மின்னியலாளர் வரும் அன்றைக்கே விறாந்தைச் சுவரில் மூடியுள்ள வெளிப் பிளக் ஒன்று, ட்ரிப் சுவிச் வழியாக, பூட்டித் தரச் சொல்லுங்கள். அண்ணா காசு அனுப்புவதாக இருந்தால் முதலில் இதற்கு அனுப்பட்டும். புது மெசின் பிறகு வரலாம்.

உங்கள் மெசினைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. லண்டனிலும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், பிளக்கும் அதே 13 அம்பியர் சதுர முள்ளுத்தான். மெசினின் தகட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்திருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ள மெசின், அதன் வயரில் எர்த் கம்பி இருக்காது. அதனால் பயமில்லை என்று மகன் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காப்பு மெசினின் உடம்புக்குத்தான். வயர் அறுந்தால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்த இடத்தில் மற்ற வாசகர்களுக்கும் ஒன்று. கனடாவில் இருந்து வரும் மெசின் 120 வோல்ட். நேரே செருகினால் அந்த இடத்திலேயே எரியும். வோல்ட் குறைக்கும் பெட்டி ஒன்றை வாங்கிச் செருகிவிட்டு, 120தானே, அடித்தாலும் பரவாயில்லை என்று சிலர் இருக்கிறார்கள். அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் ஒரே சுருளில் சுற்றியவை, வீட்டு லைனில் இருந்து மெசினைப் பிரிப்பதில்லை. பிளக்கில் கம்பி மாறி இருந்தால் "120 வோல்ட்" வயரின் ஒரு முனைக்கும் மண்ணுக்கும் இடையில் 230 வோல்ட் முழுதாக இருக்கும். தோட்ட வேலைக்கு அந்தப் பெட்டியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இனி வெட்டும் முறை. தம்பி, இது உங்களுக்கு. பிளக் இருக்கும் சுவரோடு தொடங்கி, வீட்டை விட்டு வெளியே போகும் திசையில் வெட்டுங்கள். வயரைத் தோளில் போட்டுப் பின்பக்கமாக விடுங்கள். கரையில் போய்த் திரும்பும்போது, வயர் எப்போதும் வெட்டி முடித்த பக்கத்தில் கிடக்கிறதா என்று ஒரு தரம் பாருங்கள். வெட்டிய பக்கம் வயர், வெட்டாத பக்கம் மெசின். தூரத்தில் தொடங்கி வீட்டை நோக்கி வந்தால் வயர் எப்படியும் மெசினுக்கு முன்னால்தான் கிடக்கும். அன்று உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு நாள் வயர் வெட்டுப்படலாம். அப்போது கைபிடியை விட்டுவிட்டு, வயரைத் தொடாமல், நேரே வீட்டுக்குப் போய்ச் சுவிச்சை நிறுத்திப் பிளக்கை உருவுங்கள். பிளக் உங்கள் கையில் இருக்கும்போதுதான் வயரைத் தூக்கிப் பார்க்கலாம். அடியில் புல் அடைத்தாலும் இதே முறை. சுவிச்சை நிறுத்திய பிறகும் அலகு சில வினாடி சுற்றும். நின்றுவிட்டது என்று தெரிந்தாலும் பிளக்கை உருவாமல் விரலைக் கொண்டுபோக வேண்டாம். கழுவுகிறேன் என்று தண்ணீர்க் குழாயைப் பிடிக்கவும் வேண்டாம். தடியால் சுரண்டிவிட்டுத் துணியால் துடைத்தால் போதும்.

மழை விட்ட கையோடு வெட்டுவதைப் பற்றி உங்களுக்குள் ஒரு தர்க்கம் இருக்கும் என்று எனக்குத் தெரியும், தங்கச்சி. ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் மழை. புல் வளர்வதும் அப்போதுதான், பாம்பு வருவதும் அப்போதுதான். காயும் வரைக்கும் இருந்தால் புல் இடுப்புக்கு வந்துவிடும் என்பீர்கள். இந்த மெசின் அந்தப் புல்லுக்குச் செய்ததல்ல. இது புற்றரையை மாதம் இரண்டு மூன்று தரம் மட்டமாக்கச் செய்த சாமான். முழங்கால் உயரப் புல்லில் தள்ளினால் மோட்டார் திணறும், ஈரப் புல் அடியில் களி மாதிரி அப்பும், மகன் குனிந்து குனிந்து கையால் எடுப்பார். அந்தக் குனிதலில்தான் விரல் போகிறது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். முதல் மழைக்கு முளைத்ததை உழவாரத்தால் வீட்டைச் சுற்றி இரண்டு மீற்றர் அகலத்துக்குச் செருக்கி வெறும் மண்ணாக வைத்திருங்கள். பாம்பு வந்தால் தூரத்திலேயே தெரியும். அந்த இரண்டு மீற்றருக்கு மெசின் தேவையே இல்லை. மற்ற இடத்தில் உயர்ந்த புல்லை முதலில் கத்தியால் அரிந்துவிட்டு, மழை இல்லாத இரண்டு மூன்று நாள் சேர்ந்து கிடைக்கும்போது, பனி காய்ந்த பிறகு, பத்துப் பதினொரு மணிக்கு மெசினைப் போடுங்கள். புல்லைக் கையால் ஒரு பிடி பிடித்துப் பாருங்கள். உள்ளங்கை நனைந்தால் அன்றைக்கு இல்லை. கிணற்றடிக்கு மெசின் எந்த நாளும் போகக் கூடாது, அங்கே உழவாரம்தான்.

வெட்டுகிறவர் காலை மூடும் சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் போட வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். எங்கள் வளவுகள் கிரவல் நிறைந்தவை. அலகில் பட்ட கல் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. சின்னப் பிள்ளைகள் வீட்டுக்குள், மற்றவர்கள் 15 மீற்றருக்கு அப்பால். தொடங்கும் முன் நிலத்தை நடந்து பாருங்கள். முட்கம்பித் துண்டு, தகரம், ஆணி, உடைந்த ஓடு எல்லாம் எங்கள் மண்ணில் இன்னும் வருகிறது. மழை மேல் மண்ணைக் கழுவும்போது புதிதாகத் தெரியவும் தெரியும். இன்னதென்று தெரியாத இரும்பு எதைக் கண்டாலும் காலால் தட்டவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம். அந்த இடத்தை விட்டு வந்த வழியே திரும்பி, பொலிசுக்கோ கிராம சேவையாளருக்கோ சொல்லுங்கள். மிதிவெடி அகற்றி முடித்ததாகக் கையளிக்கப்படாத காணிக்குள், வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் அடி என்றாலும், மெசினைத் தள்ள வேண்டாம். முகமாலைப் பக்கம் எத்தனை வருடம் அங்குலம் அங்குலமாகக் கிண்டினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அண்ணாவின் கேள்விக்கு: இன்னொரு மெசின் வாங்குவதாக இருந்தால் பட்டரியில் ஓடுவதை வாங்கச் சொல்லுங்கள். 18 அல்லது 36 வோல்ட், இழுபடும் வயர் இல்லை, கரண்ட் அடிக்கும் பயம் வெட்டும்போது இல்லை. லித்தியம் பட்டரியை விமானப் பொதியில் அனுப்புவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு, ஆகவே காசாக அனுப்பி இங்கேயே வாங்குவது சுலபம், பழுதானால் பட்டரி மாற்றவும் வசதி. பட்டரியைத் தகரக் கொட்டிலில் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் அதற்குள் கையை வைத்துப் பார்த்தால் ஏன் என்று தெரியும். வெட்டி முடித்ததும் சூடாக இருக்கும் பட்டரியை உடனே சார்ஜ் போடாமல், வீட்டுக்குள் நிழலில் ஆறவிட்டு, ஆள் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். அலகு மட்டும் அதே அலகுதான். அதைத் தொடும் முன் பட்டரியைக் கழற்ற வேண்டும்.

ஒருவருக்குக் கரண்ட் அடித்து அவர் இன்னும் வயரோடு இருந்தால், ஓடிப் போய்ப் பிடிக்கத்தான் தாய் மனம் சொல்லும். பிடித்தால் இருவரும். மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். பிறகு 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும். மூச்சு இல்லையென்றால் அது வரும் வரைக்கும் நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம், இரண்டு கையாலும் பலமாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். எழுந்து நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், இதயத் துடிப்பைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும். மெயின் சுவிச் எங்கே, எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும், அம்மம்மாவுக்கும் தெரிந்திருக்கட்டும். இன்று பின்னேரம் ஒவ்வொருவராகத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அந்தப் பட்டனை அழுத்தியபோது என்ன நடந்தது, குசினி விளக்கு அணைந்ததா என்று எனக்கு எழுதுங்கள். மாதம் ஒரு தரம் அதை அழுத்தும் வேலையை மகனிடமே கொடுங்கள்.